நடராசன் என்னுந் திருநாமம்

சைவ நன்மக்கள் தம் குழந்தைகட்குப் பெயரிடுங்கால், சிவபெருமான் திருநாமங்களையும் அம்மை திருநாமங்களையும் அடியார் திருநாமங்களையும் தெரிந்தெடுத்து இடுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாம். பிள்ளையை அழைக்கும் வாய் இறைவனையும் அழைத்ததாகுக என்பதே இவ்வழக்கத்தின் கருத்து. உண்ண வருக என்றும், படிக்க வருக என்றும் ஒரு நாளிற் பன்முறை தாய் தன் மகனைக் கூவுகின்றாள். கூவுந்தோறும், அவள் அறியினும் அறியாளாயினும், சிவநாமம் அவள் நாவிற் பயில்கின்றது. இதனாலன்றோ முன்னோர் பொருளற்ற ஒலிகளை மக்கட்குப் பெயராக வைத்திலர். பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுதலும் தமிழ்க் குடிகளின் பழைய வழக்கேயாம். பெயரன் என்னுஞ் சொல்லே பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்னும் பொருளது. அதுவே பேரன் என மருவிற்று. ஆகவே ஒரு குடியில் ஒருமுறை புகுந்த இறைவன் திருநாமம் ஒரு தலைமுறை இடையிட்டு மீண்டும் மீண்டும் அக்குடியில் தோன்றிக்கொண்டே வரும்.

இவ்வாறு தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் தெருத்தோறும் வழங்கிய பெயர்களுள் நடராசன் என்பது ஒன்று. இது வடசொல். வடசொல்லாயினும், தமிழ் மக்கள் இதற்குக் கொண்ட பொருள் முழுதும் தில்லைச் சிற்றம்பலத்தில் விளைந்தது. இப்பெயர் மக்கட் பெயராய்ப் பரவிய வரலாறு, இதற்கு முன்னே வழங்கிய தமிழ்ப் பெயர்களின் வரலாற்றோடு சேர்த்து ஆராயற்பாலது.

நடன் என்பது வடமொழியிற் கூத்தாடுவோனையும் நாடகத்தில் வேடம் புனைவோனையும் குறிக்கும். ஆடுதற் பொருளதாகிய 'நிருத்' என்னும் வினையடி பாகத மொழிகளின் வாயிலாகத் திரிந்து, 'நட்' என்னும் உருவோடு வடமொழியில் மீளவும் புகுந்தது என்பர் மொழிநூலார். நடனம், நாடகம், நாட்டியம் என்பனவும், தமிழ்ச் செய்யுட்களிற் பயிலும் நட்டம், நடம் என்பனவும் இதன் வழியே வந்தன. ராஜன் என்பது அரசன். ஆகவே நடராஜன் என்றது ஆடுவார்க்கெல்லாம் அரசன் என்றவாறாயிற்று. நட என்பதனோடு ஈசன் என்பது புணர்ந்து நடேசன் எனவும் நின்றது.

பாணினீயத்தின் தலையில் நிற்கும் 14 மாகேசுவர சூத்திரங்கள் தோன்றிய வரலாற்றை நந்திகேசுவர காசிகை என்னும் நூல் கூறும். கூத்தின் முடிவிலே இறைவன் தன் திருக்கையிலுள்ள துடியை ஒன்பதும் ஐந்துமாக முழக்கினான் என்றும், அவ்வொலிகளே அச்சூத்திரங்களாயின என்றும் அது சொல்லும். அந்நூல் அவ்விடத்து இறைவனை நடராஜன் என்று கூறி அமையாது, நடராஜராஜன் என்று கூறியிருத்தல் நோக்கத்தக்கது. ஆடுவாருள் வல்லான் ஒருவனை நடராஜன் எனப் புகழ்தல் உலகியலிலும் கூடுமாதலின், அத்தகையோர்க்கும் அரசன் என மற்றுமோர் அரசை அடுக்கிச் சொல்லவேண்டிற்றுப் போலும். அரசன் என்னுஞ் சொல் குடிகளை அவாவி நிற்பது. நடராஜன் என்ற அளவில் ஏனைய நடர் பலரும் உடன் எண்ணப்படுகின்றனர். இக்கருத்துப் பின்னர் வேண்டப்படும்.

இறைவன் ஆடுகின்றான் என்னும் உணர்ச்சி இவ்வடசொல்லுக்காகக் காத்திருந்ததன்று. கலித்தொகையின் கடவுள் வாழ்த்து இறைவனுடைய கொடுகொட்டி, பாண்டரங்கம், காபாலம் என்னும் ஆடல்களைக் கூறும். சிலப்பதிகாரத்திலே மாதவி ஆடிய பதினோராடலுள் முதலில் நிற்பன அக்கொடுகொட்டியும் பாண்டரங்கமுமே. காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடலையில் நிகழும் ஆடலைக் கண்டு பாடினார். தேவார ஆசிரியர் மூவரும் நட்டம், நடம், ஆடல், கூத்து என்னுஞ் சொற்களால் பதிகந்தோறும் அதனைப் போற்றினர். ஆதலின் இப்பெயரின் முற்பாதி அக்காலத்தே தமிழிற் கலந்துவிட்டது எனலாம். மணிவாசகப் பெருமான் இறைவனை வாயாரக் கூத்தன் என்றே விளிக்கின்றார். திருமந்திரத்தின் ஒன்பதாந் தந்திரமோ திருக்கூத்துத் தரிசனம் எனத் தனிப்பகுதி வகுத்து, சிவானந்தக் கூத்து, சுந்தரக் கூத்து, பொற்பதிக் கூத்து, பொற்றில்லைக் கூத்து, அற்புதக் கூத்து என ஐந்தாக விரிக்கின்றது. ஐந்தும் கூத்து என்னுஞ் சொல்லாலேயே முடிதல் காண்க.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் காணப்படுவது இன்னும் அழகிய பெயர். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன் கூத்தப் பெருமான் திருமேனியை ஆடவல்லான் என்னும் பெயராற் போற்றினான். அக்கோயிலின் திருவிமானத்துச் செப்புக் குடம் வைக்கப்பெற்றது அவன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு, அஃதாவது கி.பி. 1010. அக்கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். உழவன் கொணர்ந்த நெல்லைப் பண்டாரத்தில் அளப்போன் ஆடவல்லானால் அளந்தான். அணிகலனுக்குரிய பொன்னைத் தூக்குவோன் ஆடவல்லானால் நிறுத்தான். அளவையில் வஞ்சஞ் செய்ய எண்ணுவானது கையில் இறைவன் திருநாமத்தையே கொடுத்து வைத்த அம்மன்னனுடைய நுண்ணறிவு வியக்கத்தக்கது.

இக்காலத்து மக்கட் பெயர்களை நோக்கின், தில்லைப் பெருமானது நாமம் தமிழ்ச் சொல்லாலேயே வழங்கியமை புலனாகும். உத்தம சோழன் காலத்தில் அரசியற் பெருந்தரத்தில் நின்று, கோவிந்தபுத்தூரிலுள்ள விசயமங்கைத் திருக்கோயிலைக் கற்றளியாக்கிய பெருமகன் அம்பலவன் பழுவூர் நக்கன் எனப்பட்டான். விக்கிரம சோழன், இரண்டாங் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் அவையிலும் விளங்கிய கவிச்சக்கரவர்த்தியின் இயற்பெயர் கூத்தன் என்பதே. ஒட்டக்கூத்தர் என்றது அடைமொழியோடு கூடிய வழக்கு. (அறுபத்து மூவருள் ஒருவராகிய கூற்றுவ நாயனார் பெயரையும் இதனோடு சேர்த்து எண்ணுவார் உளராயின் அது பொருந்தாது. கூற்றுவன் என்றது காலனைக் குறிக்குஞ் சொல். தில்லைப் பெருமான் திருவடியையே முடியாகச் சூடியவர் அந்நாயனார் என்னும் தொடர்பு ஒன்றே இங்குண்டு.)

இவருள் எல்லாம் நினைக்கத்தக்கவன் நரலோகவீரன். முதற் குலோத்துங்கனிடத்தும் விக்கிரம சோழனிடத்தும் படைத்தலைவனாயிருந்த இவனுக்கு மணவிற் கூத்தன் என்பது பெயர். காலிங்கராயன் என்பது பட்டம். பாண்டி நாட்டினும் பிற நாட்டினும் வாளெடுத்துப் பொருத இவன், தில்லையிலே செய்த திருப்பணிகள் அங்குள்ள கல்வெட்டுப் பாடல்களில் விரித்துரைக்கப்பட்டுள்ளன. அம்பலத்தைப் பொன் வேய்ந்தான். நூற்றுக்கால் மண்டபம் எடுத்தான். மூவர் தேவாரத்தைச் செப்பேடுகளில் எழுதுவித்தான். ஓலை செல்லரித்து அழிதலை அறிந்து செம்பில் எழுதுவித்த அவ்வொரு செயலே அவன் பெயரை நிறுத்தற்குப் போதும். கூத்தன் என்று பெற்றோர் இட்ட பெயரை அவன் தன் வாழ்நாளிற் பொருளுடையதாக்கினான். பெயர் வைத்தலின் பயன் இத்தகையதென்று காட்டுதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின், கூத்தன் என்றும் அம்பலவன் என்றும் பிள்ளைகட்குப் பெயரிட்டு வந்த குடிகள் நடராசன் என்னும் வடசொற்கு மாறியது என்னை? பலரும் சொல்லும் விடை, பிற்காலத்து வடமொழிச் செல்வாக்கு மிக்கது என்பது. சிதம்பர மான்மியம் முதலிய வடநூல்களும், உமாபதி சிவாசாரியார் அருளியதாக வழங்கும் குஞ்சிதாங்கிரி ஸ்தவமும், கோயிற் பூசையில் ஓதப்படும் நாமாவளிகளும் வடசொற்களை மக்கள் செவியிற் படிவித்தன என்பது உண்மையே. ஆயின் அஃதொன்றே அமையாது. சிதம்பரம், சபாபதி முதலிய வடசொற்கள் புகுந்த பின்னரும் அம்பலவாணன், பொன்னம்பலம், திருச்சிற்றம்பலம் என்னும் தமிழ்ப் பெயர்கள் குறைவின்றி வழங்கினவே. கூத்தன் என்பது மட்டும் அருகியது ஏன்?

இதற்குக் காரணம் கூத்து என்னுஞ் சொல்லின் நிலையிலே தேடற்பாலது. சங்க காலத்திற் கூத்தர் அரசவையிற் பரிசில் பெற்ற கலைவாணர். மலைபடுகடாம் என்னும் பெரும் பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயருண்மை அறிக. சேரன் செங்குட்டுவன் முன்னர் இறைவனது கொட்டிச்சேதத்தை ஆடிக் காட்டினான் பறையூர்க் கூத்தச்சாக்கையன். காலம் செல்லச் செல்ல, அத்தொழிலோர் வறுமையுற்று ஊரூராய்த் திரிந்தனர்; கூத்தாடி என்பது இழித்துரைக்குஞ் சொல்லாயிற்று. ஊர் இரண்டுபட்டாற் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்னும் பழமொழி அவ்விழிவின் அளவைக் காட்டும். இந்நிலையிற் கூத்தன் என்று மகனைக் கூவினால் அயலார் செவியில் அம்பலம் தோன்றாது தெருக்கூத்தே தோன்றும் எனப் பெற்றோர் கருதியிருத்தல் கூடும். நடராசன் என்பதோ பொருளால் அதுவேயாயினும், மொழியறியாதார் செவிக்கு அவ்விழிவு தோன்றாதவாறு மறைந்து நின்றது. அரசன் என்னும் ஈறும் அதற்குப் பெருமை தந்தது.

இதில் ஒரு வேடிக்கையுண்டு. வடநாட்டில் நடன் என்னுஞ் சொல்லும் இழிவின் நீங்கியதன்று. மநு முதலாயினார் செய்த தரும நூல்கள் நடரைத் தாழ்ந்த தொழிலினராகவே வைத்து எண்ணுகின்றன. ஆகவே எந்த இழிவுக்கு அஞ்சித் தமிழ்ச்சொல்லை விட்டனரோ, அவ்விழிவு வடசொல்லிலும் அப்படியே இருந்தது; அறியாமையால் அது தோன்றிற்றில்லை. உண்மையில் அஞ்சவேண்டுவதும் யாதுமில்லை. அரசரும் அந்தணரும் தாழ்வென ஒதுக்கிய தொழிலைத் தன் தொழிலாக எடுத்துக்கொண்டவன் இறைவன். பிட்டுக்கு மண்சுமந்த பெருமானுக்குக் கூத்தாடி என்பது வசையாகுமோ? தலையோட்டிற் பலிதேர்ந்தான் என்று பாடுதற்கு நாணாத அடியார் கூட்டம், ஆடினான் என்றற்கும் நாணவில்லை. நாணியது பின்னாளைய உலகியல்.

ஆடல் என்றது யாது என்பதைச் சித்தாந்த சாத்திரங்கள் தெளித்துள்ளன. திருவதிகை மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கத்தில், மாணாக்கர் வினாவ ஆசிரியர் விடையிறுக்கும் முறையில் இது விளக்கப்படுகின்றது. துடி ஏந்திய கை படைத்தலைக் குறிக்கும். அமைத்த கை காத்தலைக் குறிக்கும். அனல் ஏந்திய கை அழித்தலைக் குறிக்கும். ஊன்றிய திருவடி மறைத்தலைக் குறிக்கும். தூக்கிய திருவடி அருளலைக் குறிக்கும். ஐந்தொழிலும் ஒரு திருமேனியில் ஒரே காலத்து அமைந்தன. திருவடி நகரமாகவும், திருவுந்தி மகரமாகவும், திருத்தோள் சிகரமாகவும், திருமுகம் வகரமாகவும், திருமுடி யகரமாகவும் திருவைந்தெழுத்தே அத்திருமேனியாகும் என்பதும் அந்நூலின் துணிபு. ஆகவே நடராசன் என்று பெயரிடும் சைவப் பெற்றோர், ஐந்தொழிலையும் ஐந்தெழுத்தையும் ஒரு பெயரில் அடக்கி இடுகின்றனர். நடர்க்கு அரசன் என்னும் அகராதிப் பொருளிலிருந்து இது நெடுந்தொலைவில் உள்ளது. வடசொல் கொண்டுவந்தது ஒலியும் உருவும். உயிர் தந்தவை திருமந்திரமும் உண்மை விளக்கமும் ஆகிய தமிழ் நூல்களே.

இனி, இப்பெயர் பொதுமக்களிடை எவ்வாறு பரவிற்று என்பது ஆராய்தற்குரியது. கி.பி. 16, 17-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த சீகாழி முத்துத்தாண்டவர் தில்லைப் பெருமான்மீது இசைப்பாடல்கள் பாடினார்; அவர் பெயரும் ஆடலாற் பெற்ற பெயரே. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை ஊர்தோறும் கதாகாலட்சேபமாக நிகழ்ந்தது. தில்லையைக் காண வேண்டிய ஏக்கத்தை அது பாமரர் நெஞ்சிலும் பதித்தது. வடலூர் வள்ளலார் (1823-1874) பாடிய திருவருட்பாவில் ஒரு பகுதிக்கு நடராஜபதி மாலை என்பதே பெயர். சிறுமணவூர் முனிசாமி முதலியார் பாடிய நடராசப் பத்து சிறு புத்தகமாக அச்சாகித் திருவிழாக் கடைகளில் விலைபோயிற்று. எழுத்தறியாதாரும் அதனை மனப்பாடமாக ஓதினர். கல்வெட்டும் செப்பேடும் செய்யாத பணியைச் சில காசுக்கு விற்ற அச்சுப் புத்தகம் செய்தது எனின் மிகையாகாது.

மற்றொரு காரணம் கோயில் வழிபாட்டிலேயே அமைந்துளது. ஆரூரன், ஐயாறப்பன், அண்ணாமலை முதலிய பெயர்கள் ஒரு தலத்தோடு ஒட்டியவை. அத்தலத்தை அடுத்த நாட்டாரிடையே மிக்கு வழங்குவன. கூத்தப் பெருமானோ தில்லைக்கு உரியவனாயினும், சிவாலயந்தோறும் அவனுக்குத் தனிச் சன்னிதியோ செப்புத் திருமேனியோ உண்டு. செம்பியன் மாதேவியார் தாம் எடுப்பித்த கற்றளிகளின் தென்புறத்துக் கோட்டத்திற் கூத்தப் பெருமானை அமைத்த நாள்முதல் இவ்வழக்கு வேரூன்றிற்று. சித்திரைத் திருவோணம், ஆனி உத்தரம், மார்கழித் திருவாதிரை என்னும் மூன்று நாள்களிலும், ஆவணி, புரட்டாசி, மாசி என்னும் மாதங்களின் சதுர்த்தசிகளிலுமாக ஆண்டுக்கு ஆறு திருமுழுக்குகள் எவ்வூரிலும் நிகழ்கின்றன. ஆதிரை நாளிற் பிறந்த ஆண்மகவுக்கு வேறு பெயர் தேடுதல் இல்லை என்னும்படி அந்நாளும் இந்நாமமும் பிணைந்தன.

தில்லையை ஒட்டிப் பிறந்த மக்கட் பெயர்களை எண்ணின் ஒரு பெருங் கூட்டம் ஆகும். சிதம்பரம், சிதம்பரநாதன், தில்லைநாயகம், கனகசபை, சபாபதி, சபாநாயகம், நடனசபாபதி, தாண்டவராயன், அம்பலவாணன் என்பன அவற்றுட் சில. மதுரை வெள்ளியம்பலத்தாற் பெற்ற பெயர் வெள்ளியம்பலம்; ஞானாவரண விளக்கத்திற்குரிய வெள்ளியம்பலவாணத் தம்பிரானை அறியாதார் சைவருள் இலர். எடுத்த திருவடி ஒன்றையே பெயராக்கிக் குஞ்சிதபாதம் என்று வழங்குதல் தமிழ்நாட்டின் சிறப்பு. வளைந்த பாதம் என்று அதற்குச் சொற்பொருள் கூறின் அயலார் நகைப்பர். அருளற் றொழிலைக் குறிப்பது அத்திருவடி என்று அறிந்தார்க்கோ அதனின் மேலான பெயரில்லை. பெண்மக்களுக்குச் சிவகாமி, சிவகாமசுந்தரி, தில்லையம்மாள் என்பன இட்டனர். இக்கூட்டத்துள் நடராசன் என்பது சாதி வேறுபாடின்றி எல்லாக் குடிகளிலும் புகுந்தது. ஈழத்தில் நடராசா என ஆகார ஈறு பெற்றது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிறந்தோரை நோக்கின் இதன் பரப்பு விளங்கும். நாட்டுக் கதைகளைத் தொகுத்த நடேச சாஸ்திரியார் 1859-இலும், இந்தியன் சோஷியல் ரிபார்மர் பத்திரிகையின் ஆசிரியர் நடராஜனார் 1868-இலும், சென்னையில் நூல் வெளியீட்டாற் புகழ்பெற்ற ஜி. ஏ. நடேசனார் 1873-இலும் பிறந்தவர். நாராயண குருவின் மாணவராய்க் கேரளத்தில் விளங்கிய நடராஜ குரு 1895-இற் பிறந்தவர். இந்தி கட்டாயப் பாடமாதலை எதிர்த்துச் சிறைப்பட்டு நோயுற்று, 1939-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்த இளைஞர் பெயரும் நடராசனே. தமிழுக்காக முதலில் உயிர் கொடுத்தார் எனப் போற்றப்படுபவர் தாங்கியிருந்தது ஒரு வடசொற் பெயர் என்பதை, பெயர்ச்சொல் ஒன்றையே வைத்து ஒருவரது மொழிப்பற்றை அளக்க முற்படுவார் சிந்திப்பாராக.

இவ்விடத்துத் தனித்தமிழ் இயக்கத்தைக் கூறாது செல்லல் ஆகாது. சைவ சித்தாந்த மகாசமாசம் 1905-இல் தோன்றியதற்குக் காரணராயிருந்தவருள் தலையாயவர் சுவாமி வேதாசலம் அவர்கள். 1916-ஐ ஒட்டி அவர் தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்டார். வேதம் மறை; அசலம் மலை. அவரைப் பின்பற்றிப் பலர் தத்தம் பெயர்களை மொழிபெயர்த்தனர். நடராசன் என்பார் கூத்தரசன் ஆயினர். இதனைக் குறித்துச் சைவருள்ளும் இருவேறு கட்சிகள் எழுந்தன. இறைவனுக்கு மொழி வேற்றுமை இல்லை, வழிவழி வந்த பெயரை மாற்றுதல் முன்னோரை இகழ்தலாகும் என்றனர் ஒருசாரார். தமிழ்ப் பெருமானைத் தமிழாலழைத்தலே முறை என்றனர் மற்றொருசாரார்.

இருசாரார் கூற்றிலும் கொள்ளத்தக்கது உண்டாயினும், இருவரும் ஒன்றை மறந்தனர். கூத்தரசன் என்பது வடசொல்லைப் பார்த்துச் செய்த படி. (அரசு என்பதுதானும் ராஜ என்பதன் திரிபு என்பாரும், அன்று, தமிழே என்பாரும் உளர்.) மூலமே தமிழிலிருக்கப் படியெடுத்தல் எதற்கு? கூத்தன் என்றும் ஆடவல்லான் என்றும் கல்லிற் பொறித்துக் கிடப்பவை, மொழிபெயர்ப்பு வேண்டாத பெயர்கள். அவற்றுள்ளும் ஆடவல்லான் என்பதன் நயம் வடசொல்லிற்கு இல்லை. நடராசன் என்ற வழி நடர் பலர் உளராக அவருட் சிறந்தோன் என்னும் ஒப்புமை தொனிக்கின்றது. நந்திகேசுவர காசிகை மற்றுமோர் அரசு சேர்த்தும் அவ்வொப்புமை நீங்கிற்றில்லை. ஆடவல்லான் என்ற வழியோ, ஆட வல்லவன் அவன் ஒருவனே, ஏனையோர் எல்லாம் ஆட்டுவிக்க ஆடுவோர் என்னும் சித்தாந்த உண்மை வெளிப்படுகின்றது. உயிர்கள் தாமே ஆடும் ஆற்றலின்றி அவனருளால் ஆடுவன என்னும் கொள்கைக்கு இதனின் ஏற்ற பெயர் பிறிதில்லை. வடமொழியை வெறுத்தன்று, பொருளை விரும்பி ஒருவர் இப்பெயரை மகவுக்கு இடுவாராயின் அது போற்றத்தக்கது. நடராசன் என்ற பெயரை உடையார் அதனை மாற்றவேண்டுவதும் இல்லை. அதனுள் தமிழர் நிரப்பிய பொருளை அறிந்து கொண்டாற் போதும்.

அப்பொருள் கடல் கடந்து சென்றதும் ஒரு தமிழ்ச் சைவக் குடியிற் பிறந்தார் ஒருவராலேயாம். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877-1947), நல்லசுவாமிப் பிள்ளையவர்கள் நடத்திய சித்தாந்த தீபிகையில் 1912-இல் சிவ நடனம் பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை எழுதினார். அதிற் சான்றாக எடுத்தாளப்பட்டவை திருமந்திரமும் உண்மை விளக்கமுமே. 1918-இல் அது நூலாக வெளிவந்தது. பிரான்சு தேசத்துச் சிற்பி ரொதான், சென்னைக் காட்சிச்சாலையிலுள்ள திருவாலங்காட்டுத் திருமேனியின் நிழற்படங்களைப் பார்த்து எழுதிய வியப்புரை 1921-இல் வெளியாயிற்று. பின்னர் மேனாட்டுக் காட்சிச்சாலைகளில் எல்லாம் நடராஜ என்னும் பெயர் நிலைத்தது. ஜெனீவா நகரையடுத்த செர்ன் என்னும் அணுவாய்வுக் கூடத்திற்கு இந்திய அரசினர் அளித்த கூத்தப் பெருமான் திருவுருவம் 2004-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் அங்கு நிறுவப்பெற்றது. ஆடவல்லான் என்றால் அவ்விடத்து அறிவார் இலர். நடராஜன் என்றால் யாவரும் அறிவர். வடசொற்கு இவ்வளவு பயன் உண்டென்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

உலகெங்கும் பெயர் பரவிய இந்நாளில், அது பிறந்த நாட்டுத் தொட்டில்களில் அருகி வருதல் வியப்பே. இப்பொழுது பெற்றோர் ஈரெழுத்து மூவெழுத்துப் பெயர்களையே விரும்புகின்றனர். எழுத்தின் எண்ணிக்கை பார்த்து, பொருள் உண்டோ இல்லையோ, செவிக்குப் புதிதாயின் போதும் என்று இடுவாரும் பலர். நடராசன் என்பது தாத்தா பெயர் என்று சிறார் நகைக்கும் நிலை நகரங்களில் உண்டு. ஆயினும் சிற்றூர்களில் அது முற்றும் ஒழிந்திலது. 2020-இல் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியக் கிரிக்கெட் அணிக்கு முதன்முதற் பந்தெறிந்த சேலத்துச் சிற்றூர் இளைஞர் 1991-இற் பிறந்த ஒரு நடராசன்.

நகரத்தாரிடத்தும் ஒரு வழக்கம் எஞ்சியுளது. பிறப்புப் பதிவேட்டிலும் பள்ளியிலும் புதுப்பெயர் ஒன்றை எழுதுவிப்பினும், பெயரிடும் நாளன்று குழந்தையின் வலச்செவியிற் பாட்டன் பெயரை மும்முறை ஓதுகின்றனர். ஆதிரை நாளிற் கோயிலுக்கு அப்பிள்ளையை எடுத்துச் செல்லும் பாட்டி, பெயரும் நட்சத்திரமும் சொல்லுக என்று அருச்சகர் கேட்கும்பொழுது, பதிவேட்டுப் பெயரை விடுத்து, நடராசன், திருவாதிரை என்றே சொல்லுகின்றாள்.